பாதி மயிலும் பருத்திப் பெண்டும்

போன சித்திரையில் பாளையங்கோட்டை வீட்டுக்கு வெள்ளையடித்தபோது, பரணில் கிடந்த அம்மாவின் டிரங்குப் பெட்டியை இறக்க வேண்டியிருந்தது. பூட்டு கிடையாது. கொண்டியில் ஒரு குரோஷா ஊசியைச் செருகி வைத்திருந்தாள். திறந்ததும் பாச்சா உருண்டை வாசனை. அதற்கடியில் முழுக்க முழுக்க முடிக்கப்படாத கைவேலைகள். எண்ணினேன், 14 இருந்தன.

தலையணை உறை ஒன்றில் கழுத்துவரை வந்து நின்றுபோன மயில். தோகை வரவேண்டிய இடத்தில் கார்பன் பேப்பர் வைத்து இழுத்த கோடுகள் மட்டும். சாம்பல் நிற உல்லன் ஸ்வெட்டரின் ஒரு கை. (எங்கள் ஊர் வெயிலுக்கு ஸ்வெட்டர் எதற்கு என்று கேட்காதீர்கள், நானும் கேட்டுப் பதில் கிடைக்கவில்லை.) பாசிமணி கோத்த அன்னம், தலை இல்லாமல். டிவிக்குப் போட நினைத்த உறை. அந்த டிவியைப் பழைய சாமான்காரருக்குப் போட்டே இருபது வருடம் ஆகிறது. நெல்லிக்காய் முடிச்சில் பின்னிய ஒரு வயர் கூடை, கைப்பிடி இல்லாமல். எதனோடு எதைச் சேர்ப்பது என்று தெரியாத குரோஷா சதுரங்கள் ஒரு கட்டு.

"இதையெல்லாம் எப்பம்மா முடிக்கப் போற?" என்றேன்.

அம்மா அதற்குப் பதில் சொல்லவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். "இது ஒன் தம்பி வயித்துல இருக்கப்ப போட்டது. இது ஒங்கப்பாவுக்குத் தூத்துக்குடிக்கு மாத்தலானப்ப. இது ஆச்சி ஆஸ்பத்திரில கெடக்கும்போது, வராந்தால உக்காந்துக்கிட்டே போட்டேன்." நான் கேட்டது எப்போது முடிப்பாய் என்று. அவள் சொன்னது எப்போதெல்லாம் போட்டுக்கொண்டிருந்தாள் என்று. எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்த முப்பது வருடத் தகராறு அந்த இடத்தில்தான் இருக்கிறது.

தகராறு என்று சும்மா சொல்லவில்லை. பிளஸ் டூ படிக்கும்போது ஒருநாள், எதற்கோ வந்த கோபத்தில், "ஒண்ணையாவது உருப்படியா முடிச்சிருக்கியா?" என்று அம்மாவைப் பார்த்துக் கத்தியிருக்கிறேன். அது என் சொந்த வாக்கியம் கிடையாது. அப்பாவும் ஆச்சியும் அத்தைகளும் வழக்கமாகச் சொல்வது. பெண்கள் வீட்டில் மற்றவர்களைவிட நாம்தான் அந்த வாக்கியத்தைச் சீக்கிரம் கற்றுக்கொள்கிறோம். பிறகு என் முனைவர் பட்ட ஆய்வு ஒன்பது வருடம் இழுத்தபோது, இரண்டு பிரசவமும் ஒரு மாமனார் மரணமும் நடுவில் வந்தபோது, நான் மதித்த ஒரு பேராசிரியர் அதே வாக்கியத்தை 'நீங்க' போட்டு மரியாதையாக என்னிடம் சொன்னார். அன்றுதான் அம்மா அன்றைக்கு எப்படி நின்றிருப்பாள் என்று யோசித்தேன்.

அதன் பிறகு நான் படித்ததில் ஒரு சிறிய கட்டுரை முக்கியமானது. ஜூடித் பிரவுன் என்ற அமெரிக்க மானுடவியலாளர் 1970இல் எழுதியது. உலகின் பல சமூகங்களில் சில வேலைகள் மட்டும் ஏன் பெண்களின் வேலையாகின்றன என்று அவர் கேட்டார். உடல் வலிமை, இயல்பு என்றெல்லாம் சொல்லிவந்த பதில்களை ஒதுக்கிவிட்டுக் குழந்தை வளர்ப்பைப் பார்த்தார். குழந்தையைப் பார்த்துக்கொண்டே செய்யக்கூடிய வேலை எப்படி இருக்க வேண்டும்? பக்கத்தில் குழந்தை தவழ்ந்தால் ஆபத்து இருக்கக் கூடாது. வீட்டைவிட்டு வெகுதூரம் போகக் கூடாது. எந்த நிமிடத்திலும் கீழே வைக்க முடிய வேண்டும், விட்ட இடத்திலிருந்து எடுக்கவும் முடிய வேண்டும். எலிசபெத் வேலண்ட் பார்பர் 1994இல் பெண்களின் நெசவு வரலாற்றை எழுதியபோது, இருபதாயிரம் வருட நூல் வேலையை விளக்க இந்தக் குறிப்பிலிருந்துதான் தொடங்கினார். நூற்பதும் நெய்வதும் தைப்பதும் நம் கைக்கு வந்தது நம் விரல் மென்மையால் அல்ல; அடுப்பில் பால் பொங்கினால் போட்டுவிட்டு ஓடலாம் என்பதால்.

இந்த வேலைகள் சலிப்பூட்டுபவை, திரும்பத் திரும்பச் செய்பவை, பெரிய கவனம் தேவையில்லாதவை என்றும் பிரவுன் சொல்கிறார். அந்த வரியில் மட்டும் எனக்கு அவரோடு சண்டை. மயில் கழுத்துக்கு ஏற்ற நீலம் கிடைக்காமல், இரண்டு நீலத்தைப் பிரித்து ஒவ்வொரு இழை எடுத்துச் சேர்த்து ஊசியில் கோத்தவளிடம் போய்ச் சலிப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் விட்டு எடுக்கும் வேலை என்று அவர் சொன்னது அம்மாவின் பெட்டிக்கு அப்படியே பொருந்துகிறது. ஒரு பெண்ணின் நாள் துண்டுதுண்டாகக் கிடைக்கும்போது, கால்மணி நேரத்துக்கு ஒரு வேலை, மத்தியானம் எல்லோரும் தூங்கும் ஒரு மணி நேரத்துக்கு வேறு வேலை, பஸ்ஸில் உட்கார்ந்து செய்ய மூன்றாவது வேலை என்று பல வேலைகள் கையில் இருப்பதில் என்ன ஆச்சரியம்? மயில் வெளிச்சம் வேண்டும் வேலை. குரோஷா சதுரம் கண்ணை மூடிக்கொண்டே போடலாம். வயர் கூடைக்குத் தரையில் காலை நீட்டி உட்கார இடம் வேண்டும்.

தமிழ் படித்தவளாக இருந்துகொண்டு சங்க இலக்கியத்துக்குப் போகாமல் இருக்க முடியாது. புறநானூற்றில் நூல் நூற்பவளுக்குப் 'பருத்திப் பெண்டு' என்று பெயர். ஒரு பாட்டில் அவள் இரவில் சிறிய விளக்கு வெளிச்சத்தில் வேலைக்கு எழுந்திருக்கிறாள். நற்றிணையில் கபிலர், மலைமேல் தவழும் மேகத்துக்கு உவமையாக, துணையில்லாத பெண்கள் வருந்தி நூற்ற மெல்லிய நூலைச் சொல்கிறார். கணவனை இழந்தவளுக்கும் ஆண் துணை அற்றவளுக்கும் பிழைப்பாக நூற்பு இருந்திருக்கிறது என்பதை இந்தப் பாடல்களை வைத்து ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். 'விளக்கு வச்ச பெறகு ஊசி எடுக்காத' என்று என்னை அதட்டிய ஆச்சி நினைவுக்கு வருகிறாள். கணவன் சம்பாத்தியம் இருந்த வீட்டின் சாத்திரம் அது. பருத்திப் பெண்டுக்கு அந்த விளக்குத்தான் வேலை நேரம்.

பனுவல் என்ற சொல்லை எம்.ஏ. மாணவிகளுக்கு விளக்கும்போது எப்போதும் ஒரு சலசலப்பு எழும். பஞ்சிலிருந்து இழுத்த நூலுக்கும் அதுதான் பெயர், எழுதிய நூலுக்கும் அதுதான் பெயர். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூல் பாயிரத்தில் இந்த ஒப்புமையை முழுதாக விரிக்கிறார். சொற்கள் பஞ்சு, வாய் கை, அறிவு கதிர். புலவர் யார்? நூற்கும் பெண். ஒரு சமண முனிவர், இலக்கணம் எழுதும்போது, புலமைக்கு உவமையாகப் பெண்ணின் கையைத் தேடிப் போயிருக்கிறார். இதை எனக்குப் பாடம் சொன்ன ஆசிரியர்களில் ஒருவர்கூட அந்தப் பெண்ணின் மேல் நிற்கவில்லை, உவமையைச் சொல்லிவிட்டு அடுத்த நூற்பாவுக்குப் போய்விட்டார்கள். நானும் முதல் சில வருடங்கள் அப்படித்தான் போனேன். பவணந்தி அங்கே விளக்குவது நூல் குறையில்லாமல் முடியும் விதத்தை. பஞ்சு பாதி கிடக்க எழுந்துபோன பெண்ணுக்கு அந்த உவமையில் இடம் இல்லை.

இனி எங்கள் பக்கத்துக் கதை. 1819இல் லண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மால்ட், மார்த்தா மால்ட் தம்பதி நாகர்கோவிலுக்கு வந்தார்கள். அப்போது அது திருவிதாங்கூர் அரசு. மார்த்தா பெண் குழந்தைகளுக்குப் பள்ளி நடத்தினார். வாசிப்போடு தையலும் லேஸ் பின்னலும் கற்றுக்கொடுத்தார். இது தலையணை லேஸ். கெட்டியாகத் திணித்த தலையணைமேல் துளையிட்ட மாதிரி அட்டையை வைத்து, துளைகளில் குண்டூசி குத்தி, சிறு கட்டைகளில் சுற்றிய நூல்களை ஒன்றின்மேல் ஒன்று மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவது. கட்டைகள் ஜோடி ஜோடியாகத் தொங்கும். பார்ப்பவர்களுக்கு விளையாட்டுப்போல இருக்கும். ஒரு ஜோடி மாறினால் அங்குலக் கணக்கில் பிரிக்க வேண்டும்.

திருவிதாங்கூரில் அன்று அடிமை முறை இருந்தது. 1855இல்தான் ஒழிக்கப்பட்டது. லேஸ் பின்னிக் கிடைத்த காசைக் கொடுத்துத் தங்களையே மீட்டுக்கொண்ட அடிமைப் பெண்கள் பற்றி மிஷன் பதிவுகள் சொல்கின்றன. இதைப் படித்த அன்று நான் அதிக நேரம் வேறு எதையும் படிக்கவில்லை. எத்தனை முழம் லேஸ் ஒரு பெண்ணின் விலை? அந்தப் பெண்ணுக்கு 'நிதானமாகப் போடு, முடிக்க அவசரப்படாதே' என்று யார் சொல்ல முடியும்? அவளுக்கு ஒவ்வொரு அங்குலமும் விடுதலையை நோக்கிய அங்குலம். அதே காலத்தில், அதே ஊர்களில், பெண்கள் மார்பை மறைத்து உடுத்தியதற்காக அடிபட்டுக்கொண்டிருந்தார்கள். தோள்சீலைப் போராட்டம் பல பத்தாண்டுகள் நடந்தது. 1859 அரசு அறிவிப்பு நாடார் பெண்கள் மேலாடை அணியலாம் என்றது, ஆனால் மேல்சாதிப் பெண்களைப் போல அணியக் கூடாது என்றும் சேர்த்துச் சொன்னது. தன் தோளுக்கு ஒரு துணி போடும் உரிமைக்குப் போராடிய ஊரின் பெண் குழந்தைகள் துரைசானிகளின் கழுத்துப் பட்டிக்கு லேஸ் பின்னினார்கள்.

மால்ட் தம்பதியின் மகள் எலைசா, ராபர்ட் கால்டுவெல்லை 1844இல் மணந்தார். இடையன்குடியில் பெண்களுக்கு லேஸ் பின்னலைக் கொண்டுவந்தவர் அவர்தான். 1856இல் வெளிவந்த ஒப்பிலக்கணத்தைத் தமிழ் மாணவர் எவரும் தாண்டிப் போக முடியாது. எலைசாவை நான் படித்து முடித்து, வேலைக்குச் சேர்ந்து, எம்.பில். மாணவி ஒருத்தி கேட்ட பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

இடையன்குடிப் பக்கம் எனக்கு ஒரு பெரியம்மா இருந்தார். அம்மாவின் ஒன்றுவிட்ட அக்கா. லேஸ் பின்னியே இரண்டு பெண்களைக் கரையேற்றியவர். அவர் வீட்டில் ஒரு லேஸ் துண்டு கிடையாது. மேஜைவிரிப்பு, திரைச்சீலை, அல்டர் துணி என்று எத்தனையோ அவர் கையால் போயிருக்கிறது. கல்லூரியில் படிக்கும்போது, பெண்ணியம் புதிதாகக் கற்றுக்கொண்ட வேகத்தில், "பெரியம்மா, இந்த வேல ஒங்களுக்குப் புடிக்குமா?" என்று கேட்டேன். அவர் ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "புடிக்குமா புடிக்காதான்னு யாருட்டி கேட்டா? சனிக்கெழம குடுக்கணும்லா" என்றார். பெரியம்மாவிடம் எப்போதும் ஒரே வேலைதான் இருந்தது. அது முடியாமல் அடுத்தது வராது.

ஜெர்மன் சமூகவியலாளர் மரியா மீஸ் 1982இல் ஆந்திராவின் நரசாப்பூர் லேஸ் பெண்களைப் பற்றி எழுதிய புத்தகத்தைப் படித்தபோது, பெரியம்மாவைத்தான் எழுதியிருக்கிறார் என்று தோன்றியது. அங்கும் மிஷன் மூலமாக வந்த லேஸ். அங்கும் பெண்கள் வீட்டுக்குள் உட்கார்ந்து பின்னினார்கள், வியாபாரம் ஆண்களின் கையில் இருந்தது. நாள் முழுக்க உலகச் சந்தைக்கு உற்பத்தி செய்தவர்களை 'வீட்டில் சும்மா இருப்பவர்கள், ஓய்வு நேரத்தில் ஏதோ பின்னுகிறார்கள்' என்றே எல்லோரும் சொன்னார்கள். அந்த ஓய்வு நேரம் என்ற சொல்லால்தான் கூலி அத்தனை குறைவாக இருந்தது என்பதை மீஸ் காட்டினார். அதில் என்னை உலுக்கிய விவரம் வேறு. வேலை பிரிக்கப்பட்டிருந்தது. ஒருத்தி பூக்களை மட்டும் பின்னுவாள், இன்னொருத்தி அவற்றை இணைப்பாள். பூ பின்னுபவள் முழு விரிப்பைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. அவள் கையில் எப்போதும் முடியாத வேலைதான். ஆனால் அது அவள் விட்டுவைத்தது கிடையாது.

ஆகவே, பல கைவேலைகளை ஒரே நேரத்தில் தொடங்கி, எதையும் அவசரப்படுத்தாமல் அனுபவிப்பது பற்றிப் பேசும்போது, எனக்குள் பெரியம்மா ஒரு பக்கமும் அம்மா ஒரு பக்கமும் உட்கார்ந்திருக்கிறார்கள். அம்மாவுக்குச் சனிக்கிழமை கிடையாது. அப்பாவுக்கு மாதச் சம்பளம் இருந்தது. நம் சாதி, வர்க்கம் இரண்டையும் மறந்துவிட்டு 'பெண்களின் பொறுமை', 'பெண்களின் கைவண்ணம்' என்று உருகுகிறவர்களை எனக்குப் பிடிப்பதில்லை. செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில், ஆண்கள் வட்டித்தொழிலுக்குப் பர்மா, மலேயா என்று வருடக்கணக்கில் போய்விட, ஆச்சிமார் ஓலைக் கொட்டான் முடைந்து அதற்குப் பாசிமணியும் குரோஷாவும் வைத்து உறை போட்டார்கள். மகள் கல்யாணச் சீரில் அவை வரிசையாக இடம்பெறும். இன்று செட்டிநாட்டுக் கொட்டானுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. அந்தப் பெரிய முற்றங்களின் தனிமை எப்படி இருந்திருக்கும் என்பதை எந்தக் குறியீடும் சொல்லாது. ஆனாலும் அவர்களுக்கும் இடையன்குடிப் பெரியம்மாவுக்கும் ஒரே வார்த்தை போட முடியாது.

முடிக்காமல் இருப்பதையே ஆயுதமாக்கியவள் என்று உலக இலக்கியத்தில் பெயர் வாங்கியவள் ஹோமரின் பெனலபி. மாமனாருக்கான சவத்துணியை நெய்து முடித்த பிறகு மறுமணம் என்று சொல்லிவிட்டு, பகலில் நெய்ததை இரவில் பிரித்தாள். மூன்று வருடம் ஏமாற்றினாள். அவளுடைய நெசவை எல்லோரும் கற்பின் கதையாகவே சொல்கிறார்கள். எனக்கு அதில் தெரிவது, துணி முடிந்த மறுநாள் தான் வேறொருவனுக்குச் சொந்தமாகிவிடுவோம் என்று அறிந்த ஒருத்தியின் கணக்கு.

அம்மாவுக்கும் அப்படி ஒரு கணக்கு இருந்திருக்குமோ என்று பெட்டியைத் திறந்த அன்றுதான் யோசித்தேன். காரணம், அம்மா எதையும் முடித்ததில்லை என்று நாங்கள் சொல்லிவந்தது பொய். முடித்தவை ஏராளம். பெரிய அத்தை வீட்டு ஹாலில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கும் கிருஷ்ணர் அம்மா போட்டது. சின்ன அத்தை மகள் கல்யாணத்துக்குப் பன்னிரண்டு கைக்குட்டை, ஓரம் முழுக்கக் குரோஷா. அப்பாவின் மேலதிகாரி வீட்டுக்கு ஒரு மேஜைவிரிப்பு. எங்கள் பள்ளித் தையல் வகுப்பின் ரெக்கார்டு நோட்டில் ஒட்ட வேண்டிய துண்டுத்துணிகள் எல்லாம்; ஓட்டுத்தையல், சங்கிலித்தையல், காஜா என்று நானும் பக்கத்து வீட்டு இரண்டு பிள்ளைகளும் அம்மாவின் கையால்தான் மதிப்பெண் வாங்கினோம். முடிந்தது எதுவும் எங்கள் வீட்டில் இல்லை, அவ்வளவுதான். முடிந்த மறுநாள் யாராவது பார்ப்பார்கள், 'நல்லாருக்கே' என்பார்கள், அப்பா 'எடுத்துட்டுப் போங்க' என்பார். அம்மாவைக் கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது. பாதி மயிலை யாரும் கேட்க மாட்டார்கள். தலையில்லாத அன்னத்தைச் சீராக வைக்க முடியாது. பெட்டியில் இருந்த 14 தான் அவளிடமே தங்கியவை.

இதை அம்மாவிடம் சொன்னேன். ஆய்வாளர் குரலில் சொல்லியிருக்க வேண்டும், அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்படிலாம் யோசிச்சு யாரு செஞ்சா? ஒண்ணு போட்டுட்டு இருக்கப்பவே இன்னொண்ணு போடணும்போல இருக்கும், எடுத்துருவேன்" என்றாள். பிறகு, வேண்டியவர்கள் வீட்டு ரகசியம்போலக் குரலைத் தாழ்த்தி, புது நூல் வாங்கிவரும் நாள்தான் தனக்கு ரொம்பப் பிடிக்கும் என்றாள். வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்த காசில், பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில், ஆங்கர் நூல் பெட்டியைத் திறந்து அடுக்குவரிசையாகக் காட்டுவார்களாம். ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு மூன்று நூல் வாங்குவாளாம். வீட்டுக்கு வந்து, எந்த மயிலுக்கும் பூவுக்கும் என்று முடிவாகாமல், இரண்டு மூன்று நாள் அதைச் சும்மா வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பாளாம்.

என் வரலாற்று விளக்கத்தில் இது இல்லை. சந்தோஷம் என்று ஒன்று இருந்திருக்கிறது, அதை நான் காரணங்களால் மூடிக்கொண்டிருந்தேன். ரோசிகா பார்க்கர் 1984இல் எழுதிய பூத்தையல் வரலாற்றில் இதைக் கவனமாகப் பிடித்திருக்கிறார். இங்கிலாந்துப் பெண் குழந்தைகளுக்குப் பூத்தையல் அடக்கத்தைக் கற்பிக்கும் வழியாக இருந்தது. தலையைக் குனி, வாயை மூடு, ஒழுங்காகத் தை. அதே ஊசியில் பெண்கள் தங்களுக்கென்று ஒரு இன்பத்தையும் கண்டெடுத்தார்கள். இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும் என்பது அவர் வாதம். என் மாணவிகளுக்கு இந்தப் பகுதியைச் சொன்னால், அடிமைத்தனம் என்ற பாதியை உடனே எழுதிக்கொள்கிறார்கள். இன்பம் என்ற பாதிக்குப் பேனா நின்றுவிடுகிறது. தேர்வுக்கு வருமா என்று கேட்கிறார்கள்.

இன்றைக்குக் கைவேலை செய்யும் இளம்பெண்களுக்கு வேறு நெருக்கடி. 'பொழுதுபோக்கை வருமானமாக்குங்கள்' என்று எல்லாப் பக்கமிருந்தும் புத்திமதி. வருமானம் வேண்டாம் என்று சொல்ல நான் யார். பெரியம்மாவின் இரண்டு பெண்கள் லேஸ் காசில் படித்தவர்கள். ஆனால் என் வகுப்பில் ஆரி வேலை தெரிந்த ஒரு பெண், ஜாக்கெட் ஆர்டர் எடுக்க ஆரம்பித்த பிறகு தனக்கென்று ஒரு பூகூடப் போடவில்லை என்றாள். முகூர்த்த மாதங்களில் அவளுக்குச் சனிக்கிழமை தினமும் வருகிறது.

அன்று மாலை பெட்டியில் புதுப் பாச்சா உருண்டை போட்டு, 11 கைவேலைகளை மடித்து உள்ளே வைத்தோம். நான் மடித்ததை அம்மா பிரித்து மறுபடியும் மடித்தாள், தையல் உள்பக்கம் வரவேண்டுமாம். மயிலையும் சாம்பல் நிற ஸ்வெட்டர் கையையும் குரோஷா சதுரங்களையும் வெளியில் எடுத்து வைத்துக்கொண்டாள். மயிலின் கழுத்தில் குத்தியபடி விட்டிருந்த ஊசி துருப்பிடித்து, துணியில் எள்ளளவு ஒரு கறை. அதை மெதுவாக உருவி வேறு ஊசியில் நீல நூலைக் கோத்தாள். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, துணியை முகத்துக்கருகில் கொண்டுபோய் நாலைந்து தையல் போட்டாள். வெள்ளையடிக்கிறவருக்கு டீ போட வேண்டும் என்று எழுந்தாள். போகும்போது மயிலைச் சதுரங்களின்மேல் வைத்துவிட்டுப் போனாள். இப்போது அவை மூன்றும் அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் அந்த நெல்லிக்காய் முடிச்சுக் கூடையில் இருக்கின்றன. கூடைக்குக் கைப்பிடி இன்னும் போடவில்லை.